தடை எங்கே பிடிக்கும்: திருகோணமலையில் பட்டாசுக் கட்டுப்பாட்டின் சட்டமும் நடைமுறையும்

சீனவெடி ஒன்று வெடித்து அடங்க ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி 119க்கு அழைத்து, செய்தி பொலிஸ் நிலையத்துக்குப் போய், வண்டி புறப்பட்டு ஒழுங்கைக்குள் வந்து சேரும்போது நிலத்தில் கிடப்பது சிவப்புக் கடதாசித் துகள் மட்டும். யார் கொளுத்தினார்கள், எத்தனை மணிக்குக் கொளுத்தினார்கள், என்ன ரகம் என்பதில் எதற்கும் சாட்சி இருக்காது. நாலு வீட்டுக்காரர் நிற்பார்கள், நாலு பேரும் வேறு திசையைக் காட்டுவார்கள். உலகில் எங்கே பட்டாசுத் தடை போட்டாலும் அது முதலில் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 இரவு ஆகியவற்றை ஒட்டி "வெடியைத் தடை செய்ய வேண்டும்" என்ற குரல் எழுவதும், "கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்குமா தடை" என்ற மறுகுரல் எழுவதும் வழக்கம். இரண்டு தரப்பும் கொளுத்துகிறவரைப் பற்றியே பேசுகின்றன. சட்டத்தின் கை எட்டக்கூடிய இடம் அதற்கு முந்தியது: பெட்டி எங்கிருந்து வந்தது, எந்தக் கடையில் எவ்வளவு கிடக்கிறது, யாருக்கு விற்கப்பட்டது. வெடித்த வெடிக்கு அடையாளம் இல்லை. வெடிக்காத பெட்டிக்கு எடை உண்டு, சுட்டுத்துண்டு உண்டு, வைத்திருப்பவர் உண்டு. உள்ளூர் விதி எதுவாக இருந்தாலும் அது பெட்டியைப் பிடிக்கும்படி எழுதப்பட்டால்தான் வேலை செய்யும்.

எது பட்டாசு?

விதி எழுதுகிறவர்கள் "பட்டாசு" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் வழக்கு முதல் நாளே தோற்கும். கடையில் கிடப்பவை ஒன்றுக்கொன்று வேறான பொருட்கள். மத்தாப்பும் கம்பி மத்தாப்பும் ஒளி தருபவை. ஆனால் எரியும் கம்பியின் நுனி 1000 பாகை செல்சியஸைத் தாண்டும், அணைந்த பின்பும் கம்பி சுடும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதை மிதிக்கும். பூவாணம் நிலத்தில் நின்று பொறி கக்கும். எலிவாணம் திசை தெரியாமல் தரையில் ஓடும். ஈர்க்குவாணம் வானுக்குப் போகும், விழும் இடம் காற்றின் கையில். சீனவெடி தனியாகவும் வரும், சரமாகவும் வரும். அண்மைக் காலத்தில் பெட்டி வாணம் என்கிற, ஒரே திரியில் பத்து, இருபத்தைந்து, நூறு குழாய்கள் அடுத்தடுத்து மேலே சுடும் ரகமும் வீடுகளுக்கு வந்துவிட்டது.

உள்ளே இருப்பதும் வேறு. பழைய கரிமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்துக்குக் கிட்டிய கலவை. இன்றைய பெருஞ்சத்த வெடிகளில் பெரும்பாலும் இருப்பது பேர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் சேர்ந்த மின்னல் தூள். கரிமருந்து திறந்த வெளியில் சீறி எரியும். மின்னல் தூள் கொஞ்சம் கூடினால் கடதாசிச் சுற்றுக்கூட இல்லாமல் வெடிக்கும். அதனால்தான் நான்கு சிறு வெடிகளைப் பிரித்து மருந்தைக் கொட்டி ஒரு பெரிய வெடி கட்டும் பையன்களின் விரல்கள் போகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பாவனை வாணங்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் நிற்க வேண்டிய குறைந்தபட்சத் தூரத்தை வைத்திருக்கிறது: முதல் வகைக்கு 1 மீற்றர், இரண்டாம் வகைக்கு 8 மீற்றர், மூன்றாம் வகைக்கு 15 மீற்றர். நான்காம் வகை பயிற்சி பெற்ற தொழிலாளருக்கு மட்டும். இதை நகரத்தின் ஒழுங்கைகளில் பொருத்திப் பாருங்கள். மதிலுக்கு மதில் மூன்று, நான்கு மீற்றர் அகலம். நடுவில் மின்கம்பி, ஒரு பக்கம் கிடுகு வேலி, மறுபக்கம் நிறுத்தி வைத்த முச்சக்கரவண்டி. 15 மீற்றர் வெளி கடற்கரையிலும் விளையாட்டு மைதானத்திலும்தான் கிடைக்கும். ஆகவே பெட்டி வாணத்தையும் பெரிய ஈர்க்குவாணத்தையும் ஒழுங்கை வீட்டுக்காரருக்குச் சில்லறையில் விற்பதே தவறு. மத்தாப்பையும் அவற்றையும் ஒரே தடைக்குள் போட்டால் தடை பலவீனப்படும். பிள்ளையின் கையில் மத்தாப்பைக் கண்டு எந்தப் பொலிஸ்காரரும் வழக்கு எழுதப்போவதில்லை, எழுதாத பழக்கம் மற்றவற்றுக்கும் தொற்றும்.

யார் கையில் என்ன சட்டம்

அடிப்படைச் சட்டம் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம். வாணவேடிக்கைப் பொருட்களும் அதன் கீழ் வருகின்றன. உற்பத்திக்கும் களஞ்சியப்படுத்தலுக்கும் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மேலே பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் இருக்கிறார். மாவட்டத்தில் விற்பனை அனுமதிக்குப் போக வேண்டிய இடம் மாவட்டச் செயலகம், மக்கள் இன்றும் சொல்லும் பெயரில் கச்சேரி. இது முக்கியமான விடயம். உள்ளூராட்சிச் சபைகளில் தவிசாளரிடமும் செயலாளரிடமும் மனுக்கொடுத்துக் காத்திருப்பவர்கள் பலர், வெடி விற்கும் அனுமதியின் சாவி கச்சேரியில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

சபையிடம் இருப்பது வேறு கருவிகள்: வருடாந்த வியாபார உரிமம், தெருவோரக் கடைக்கு இடம் கொடுக்கும் அல்லது மறுக்கும் அதிகாரம், தொல்லைகளை அகற்றும் அதிகாரம், உபவிதி ஆக்கும் அதிகாரம். பண்டிகைக்கு முந்திய வாரத்தில் நடைபாதையில் மேசை போட்டுப் பொலித்தீன் விரித்து வெடி விற்பவரை, வெடிபொருள் சட்டம்வரை போகாமலே, நடைபாதையை மறித்த குற்றத்துக்குச் சபை அப்புறப்படுத்தலாம். இந்த எளிய வழியைப் பாவிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

சத்தத்துக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வர்த்தமானியில் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. மாநகர, நகர சபைப் பகுதிகளுக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளுக்கு 55, 45. வைத்தியசாலை, நீதிமன்றம், பாடசாலை, பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம். அங்கே 50, 45. பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. தீபாவளி மாலை ஏழு மணிக்குக் கொளுத்தும் வெடி சட்டத்தின் கண்ணில் இரவு வெடி.

ஒலிபெருக்கி பற்றி 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வெலிகம வழக்கில் கொடுத்த தீர்ப்பைப் பலர் வெடிக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்ற அதன் நியாயம் வெடிக்கும் பொருந்தும். கட்டளை நேரடியாகப் பொருந்தாது, ஏனெனில் அது பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் ஒலிபெருக்கி அனுமதி பற்றியது. முறைப்பாட்டில் இதை மட்டும் எழுதிக் கொடுத்தால் பொறுப்பதிகாரி சரியாகவே திருப்பி அனுப்புவார்.

மீட்டர் ஏன் கைவிடுகிறது

1996 விதிகளின் எண்கள் சராசரி எண்கள். ஒரு குறித்த நேரத்துக்கு வந்த ஒலிச் சக்தியை அந்த நேரம் முழுவதற்கும் பரப்பிக் கணக்கிடுவது. ஆலை இயந்திரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இது சரியான அளவு. வெடிக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

4 மீற்றர் தூரத்தில் 125 டெசிபல் தரும் ஒரு வெடி, சத்தம் நீடிப்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதைப் பதினைந்து நிமிடத்துக்குப் பரப்பினால் 42 டெசிபலுக்கு மேல் கழிந்து ஏறத்தாழ 82 ஆகும். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 4 மீற்றரிலிருந்து 64 மீற்றருக்குப் போகத் தூரம் நான்கு முறை இரட்டிக்கிறது, ஆகவே இன்னொரு 24 கழியும். 64 மீற்றர் தள்ளியிருக்கும் வீட்டில் சராசரி 58 சொச்சம். பகல் எல்லையான 63க்குக் கீழே! தொட்டில் பிள்ளை துடித்து எழும்பியிருக்கும், நாய் மதில் பாய்ந்திருக்கும், மீட்டர் "குற்றமில்லை" என்று சொல்லும். அதே வெடி பத்து சேர்ந்தால் 10 டெசிபல் கூடி 68 ஆகி எல்லையைத் தாண்டும். ஆயிரம் கொண்ட சரம் 30 டெசிபலைக் கூட்டும். அதாவது சராசரி அளவு சரத்தைப் பிடிக்கும், மோசமான ஒற்றைப் பெருவெடியைப் பகலில் தப்பவிடும்.

இந்தியா இதைப் பொருளின் மட்டத்திலேயே தீர்க்கப் பார்த்தது. 1999இல் வந்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீற்றரில் 125 டெசிபலுக்கு, அல்லது உச்ச அளவில் 145க்கு, மேற்பட்ட சத்தம் தரும் வெடியை உற்பத்தி செய்யவோ விற்கவோ கூடாது. சரவெடிக்கு எண்ணிக்கையைப் பொறுத்து எல்லை இறங்கும். ஆயிரம் வெடிச் சரத்தில் ஒவ்வொன்றுக்கும் 15 டெசிபல் குறைத்து 110. நல்ல விடயம் என்னவென்றால், இதைத் தெருவில் அளக்க வேண்டியதில்லை. கடையிலிருந்து மாதிரி எடுத்து, திறந்த வெளியில், உச்ச அளவைப் பிடிக்கக்கூடிய, அளவுத்திருத்தச் சான்றிதழ் உள்ள கருவியால் சோதித்தால் போதும். கைத்தொலைபேசிச் செயலிகளை இதற்குப் பாவிக்கவே கூடாது. அவற்றின் ஒலிவாங்கி இவ்வளவு பெரிய சத்தத்தில் செறிந்து உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அதுவே கொடையாகிவிடும்.

எல்லைக்கு அப்பால் ஒரு கடை

நகரத்திலிருந்து வடக்கே போகும் வீதியில் உப்புவெளி, பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள். இன்னும் போனால் நிலாவெளியும் இறக்கக்கண்டியும் குச்சவெளிப் பிரதேச சபைக்குள். தெற்கே கிண்ணியாவுக்குத் தனிச் சபைகள், தம்பலகாமத்துக்கும் மூதூருக்கும் தனித்தனி. நகரத்தில் மட்டும் விற்பனையைத் தடுத்தால் வாங்குபவருக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு முச்சக்கரவண்டிக் காசு.

அமெரிக்காவில் இதே கதை மாநில அளவில் நடக்கிறது. மசசூசெட்ஸ் வீட்டுப் பாவனைப் பட்டாசு எல்லாவற்றையும் தடை செய்த மாநிலம். பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் அனுமதிக்கிறது. எல்லை தாண்டியதும் கடைகள். சுதந்திர தினமான ஜூலை 4க்கு முன் மசசூசெட்ஸ் பொலிஸார் வீதியில் கார்களை மறித்துப் பறிமுதல் செய்கிறார்கள், இருந்தும் அன்றிரவு வானம் வெடிக்கிறது. மறுபக்கத்தில் பிலிப்பைன்சின் டாவோ நகரம். 2002ஆம் ஆண்டின் நகரச் சட்டம் உற்பத்தி, விற்பனை, விநியோகம், பாவனை ஆகியவற்றோடு கையில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. கொளுத்திய கணத்தைக் காண வேண்டிய தேவை அதோடு நீங்கியது. பையில் பெட்டி இருந்தால் போதும். ஆண்டிறுதிக்கு ஊதுகுழல் ஊதும் திருவிழா ஒன்றையும் நகரம் நடத்தியிருக்கிறது. டாவோவில் தடை நிலைத்ததற்கு அந்த நகர நிர்வாகத்தின் கடுமையும் ஒரு காரணம். அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. வைத்திருத்தலைக் குற்றமாக்கிய வரைவு முறையை எடுத்துக்கொள்ளலாம்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2018 ஒக்டோபர் 23 கட்டளையிலும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை என்ற நேரக் கட்டுப்பாடு எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பயனுள்ளது, அந்தந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி தன் பகுதி மீறலுக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று எழுதியது. "உரிய அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பர்" என்று முடியும் விதியை எவரும் தன் வேலையாக எடுப்பதில்லை. பதவியைச் சுட்டி எழுத வேண்டும்.

திருகோணமலைக்கு ஒரு தீர்வு, சபைகள் ஒரே வாசகம் கொண்ட உபவிதியை நிறைவேற்றுவதும், விற்பனை அனுமதியின் நிபந்தனைகளை மாவட்டச் செயலகம் மாவட்டம் முழுவதற்கும் ஒரே மாதிரி வைப்பதும். இரண்டாவது விரைவில் நடக்கக்கூடியது. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்தும், வெடித் தொழிலுக்குப் பேர்போன நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கிம்புலாபிட்டியவிலிருந்தும் வரும் சரக்கு ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ6 வீதியில்தான் பெரும்பாலும் இறங்குகிறது. மொத்த வியாபாரியின் விலைச்சிட்டையில் அனுமதிப்பத்திர இலக்கம் இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை, ஆயிரம் ஒழுங்கைகளில் ரோந்து போவதைவிட அதிகம் செய்யும். இரவு பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் வெடிப் பெட்டி வருவதை நடத்துநர்கள் மறுக்க வேண்டும். ஐம்பது பேர் இருக்கும் வண்டியில் அது பற்றினால் கதவு வரை போக நேரம் இருக்காது.

இந்த ஊருக்கென்று சில

துறைமுக ஊரில் வாணத்துக்கு இன்னொரு பொருள் உண்டு. கடலில் மோதலைத் தடுக்கும் சர்வதேச விதிகளின்படி, இடைவிட்டு ஒவ்வொன்றாக எய்யப்படும் சிவப்பு நட்சத்திர வாணம் ஆபத்துச் சைகை. பரசூட்டில் இறங்கும் சிவப்பு ஒளியும் அப்படியே. ஏறத்தாழ ஒரு நிமிட இடைவெளியில் கேட்கும் வெடிச்சத்தமும் அப்படியே. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கரையிலிருந்து சிவப்பு வாணம் விடுபவர், ஆழ்கடலில் இயந்திரம் நின்ற படகுக்காரன் உதவி கேட்கும் மொழியை அழிக்கிறார். ஹோட்டல்களின் ஆண்டிறுதிக் காட்சிகளுக்கு அனுமதி வழங்கும்போது தனிச் சிவப்பு வாணத்தை விலக்குவதும், நேரத்தைக் கடற்படைக்கும் மீனவர் சங்கங்களுக்கும் முன்கூட்டி அறிவிப்பதும் நிபந்தனையாக வேண்டும். நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலில் புறாத்தீவு. அது தேசியப் பூங்கா, மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறை. கடல் பக்கம் சுடும் காட்சிகளின் பிளாஸ்ரிக் மூடிகளும் குழாய்த் துண்டுகளும் பவளப்பாறையில்தான் போய்ச் சேரும்.

சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்களில் 99 எஞ்சியிருக்கின்றன, ஒரு பகுதி இன்றும் எரிபொருள் வைக்கப் பாவிக்கப்படுகிறது. பக்கத்தில் விமானப்படை ஓடுபாதை. ஈர்க்குவாணத்துக்கும் பறக்கவிடும் கடதாசி விளக்குக்கும் அந்தச் சுற்றுவட்டத்தில் எந்த நாளிலும் இடமிருக்கக் கூடாது. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் வெடிக்கு வெருண்டு வாகனங்களின் முன் பாயக்கூடியவை. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை அந்தக் கோட்டைக்குள்தான் என்பதால் வாசலிலேயே பையைப் பார்த்துப் பெட்டியை நிறுத்திவைப்பது இலகு.

வயல் பக்கம் போனால் வெடியின் முகம் மாறுகிறது. கந்தளாய், மொறவெவ, சேருவில, தம்பலகாமம் பகுதிகளில் யானையைத் துரத்த வனசீவராசிகள் திணைக்களம் கமக்காரருக்கு யானை வெடி கொடுக்கிறது. அது வயல் காப்பதற்கானது. திருவிழாவுக்கும் கிரிக்கெட் வெற்றிக்கும் அதை எடுத்து வெடிப்பவர்கள் இருக்கிறார்கள். சீனவெடியைப் பிடிக்கும் பழக்கத்தில் கையில் பிடித்துத் திரி கொளுத்தினால் கை போகும். ஹக்கபட்டாஸ் இன்னும் கொடியது. பூசணிக்காய்க்குள்ளும் பழத்துக்குள்ளும் மருந்து வைத்துப் பன்றிக்குப் போடுவது. யானைக் கன்று கடித்து வாய் சிதைந்து, தின்னமுடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்தில் குற்றம். இவை பட்டாசு உபவிதிக்குள் அடங்க வேண்டியவை அல்ல, இவற்றுக்குக் கடுமையான தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் மருந்தின் சந்தை ஒன்றையொன்று தொடுகிறது. சில்லறைக் கடையில் உதிரி மருந்தோ, முத்திரை இல்லாத தடித்த குழாயோ கண்டால் அது பண்டிகைச் சரக்கு அல்ல என்று பரிசோதகர் உடனே பொலிஸுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர் என்று எறிகணைக்குள் ஓடிய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன. நள்ளிரவில் முன்னறிவிப்பில்லாமல் கேட்கும் ஒற்றைப் பெருவெடி அவர்களுக்குப் பண்டிகைச் சத்தம் அல்ல. நேரம் குறித்த வெடியை மனம் ஓரளவு தாங்கும். எப்போது வரும் என்று தெரியாத வெடிதான் உடைக்கிறது. நேரக் கட்டுப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோயில், கலியாணம், சாவீடு

கோணேசர் நகர்வலம், அம்மன் கோயில் தேர், தீர்த்தம் ஆகியவற்றில் வெடி வழிபாட்டின் பகுதியாகிவிட்டது. முழுத் தடை போட்டால் கோயில் நிர்வாகங்கள் எதிர்த்து நிற்கும், சபை உறுப்பினர்கள் வாக்குக்குப் பயந்து பின்வாங்குவார்கள், உபவிதி வரைவிலேயே சாகும். நடக்கக்கூடியது அனுமதி முறை. கோயில் பதினான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்கட்டும்: எந்த நாள், எந்த அரை மணி நேரம், எந்த இடம், என்ன ரகம், எத்தனை, கொளுத்துபவர் யார், பொறுப்பாளர் யார். தேர் போகும் பாதையில் வைத்தியசாலையிலிருந்து 100 மீற்றருக்குள் வெடி இல்லை. கூட்டத்துக்கும் வெடிக்கும் நடுவே கயிறு. மண் வாளி இரண்டு, தண்ணீர் வாளி இரண்டு. வெடிக்காததைப் பொறுக்க ஒரு ஆள்.

வெடிக்காத வெடிதான் கையைப் பறிப்பது. தீபாவளி வாடைமழை தொடங்கும் காலத்தில் வருகிறது. பெட்டி ஈரம் இழுத்து நமுத்துப்போனால் திரி உள்ளே மெல்லப் புகைந்துகொண்டிருக்கும். அணைந்துவிட்டது என்று குனிந்து ஊதிப் பார்ப்பவரின் முகத்தில் வெடிக்கும். பதினைந்து நிமிடம் கிட்டப் போகாமல் விட்டு, பிறகு நீண்ட தடியால் தள்ளித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். வெயிலில் காயவைத்து மறுபடி கொளுத்தவே கூடாது. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆபத்து வேறு: காய்ந்த கிடுகும் பனையோலையும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கோயில் திருவிழா எந்த மாதத்தில் வருகிறது என்பதைப் பார்த்து வான வெடியை மறுக்கும் அதிகாரம் அனுமதி வழங்குபவருக்கு இருக்க வேண்டும்.

கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் ஊர்வலத்தில் நடுவீதியில் சரம் விரிப்பதையும், சாவூர்வலத்தில் வழிநெடுக வெடி போட்டுக்கொண்டு போவதையும் அனுமதி முறைக்குள் கொண்டுவரத் தேவையில்லை. பொது வீதியில் வெடி கொளுத்தக் கூடாது என்ற ஒரு வரி போதும். மோட்டார் சைக்கிளில் வருபவரின் முன் வெடி வெடித்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கடையிலும் நீதிமன்றத்திலும் பிழைப்பவை

கடைப் பரிசோதனையில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் அவற்றைச் சரியாகப் பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் சுவரில் இருக்கிறதா, இந்த ஆண்டுக்குரியதா, அதில் எழுதிய அளவுக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பொருத்தம் உண்டா? முன்மேசையில் கொஞ்சமாக வைத்துப் பின் அறையில் குவிப்பதுதான் வழமையான பிழை. அதே அறையில் எரிவாயு சிலிண்டர், மண்ணெண்ணெய், சாம்பிராணி கொளுத்தும் சாமிப்படம், உருகிய பிளக் இருக்கும். வெளியேற இரண்டாவது வழி இருக்காது. பட்டாசு எரிய வெளிக்காற்று வேண்டாம், பிராணவாயு மருந்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சாக்குப் போட்டு மூடுவதும் உலர்தூள் அணைப்பானும் எரிகிற பெட்டியை நிறுத்தா. நிறையத் தண்ணீர் பக்கத்துப் பொருட்களைக் குளிரவைத்துப் பரவலைத் தடுக்கும். ஒரு பெட்டி பற்றிவிட்டால் கடைக்காரர் செய்ய வேண்டியது ஓடுவதும் மற்றவர்களை ஓடவைப்பதும்தான்.

பறிமுதலுக்குப் பிறகு வழக்குகள் சறுக்கும் இடம் வேறு. பிடித்த பெட்டிகளை எண்ணாமல், நிறுக்காமல், "ஒரு தொகை பட்டாசு" என்று எழுதுவது முதல் பிழை. ரகம் வாரியாக எண்ணி, பெட்டியின் சுட்டுத்துண்டைப் படமெடுத்து, கடைக்காரரின் முன்னிலையில் முத்திரையிட்டு, பட்டியலில் கையொப்பம் வாங்க வேண்டும். எதிரி மறுத்தால், பொருள் வெடிமருந்துதான் என்று நிரூபிக்க அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை தேவைப்படும். ஆகவே சிறு மாதிரியைத் தனியே முத்திரையிட வேண்டும். மீதியைப் பொலிஸ் நிலையச் சான்றுப்பொருள் அறையில் மாதக்கணக்கில் வைத்திருப்பது நிலையத்துக்கே ஆபத்து. படம், பட்டியல், மாதிரி ஆகியவற்றை வைத்துக்கொண்டு மொத்தத்தை அழிக்க நீதவானிடம் முதல் தவணையிலேயே கட்டளை கேட்பதும், அழிக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற வெடிபொருள் செயலிழப்பு அணியிடம் கொடுப்பதும் முறை. உபவிதியில் இதற்கு ஒரு பிரிவு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக வாதாட வேண்டிவரும்.

உபவிதி இன்றைக்குத் தீர்மானித்து நாளைக்கு வருவதில்லை. சபையில் வரைவு, தீர்மானம், மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் பார்வை, மாகாண அதிகாரியின் அங்கீகாரம், பிறகு வர்த்தமானி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தபின் தேர்தல் நடைபெறாததால் அங்கீகாரத்துக்கு ஆளுநரிடமே போக வேண்டியிருக்கிறது. வர்த்தமானியில் வராத உபவிதியை வைத்துத் தண்டப்பணம் அறவிட முடியாது. அறவிட்டால் வழக்குச் சபைக்கு எதிராகத் திரும்பும். தாய்ச் சட்டம் விதித்த உச்சத் தொகைக்கு மேல் உபவிதியில் தண்டம் எழுதவும் முடியாது. அந்தத் தொகை வியாபாரிக்குப் பொருட்டாகாமல் போகலாம் என்பதால், உரிமத்தை அடுத்த பண்டிகைக்குப் புதுப்பிக்காமல் விடும் நிபந்தனைதான் உண்மையான தண்டனை.

அதுவரை, உபவிதி இல்லாமலே, தொல்லைப்படும் குடும்பம் என்ன செய்யலாம்? கொளுத்துபவரோடு தெருவில் சண்டைக்குப் போகாமல் நேரத்தைக் குறித்து வையுங்கள்: திகதி, மணி, நிமிடம், எந்த வளவு, எத்தனை தரம். வீட்டுக்குள்ளிருந்தே காணொளி எடுக்கும்போது சுவர்க்கடிகாரமும் ஜன்னலும் ஒரே காட்சியில் வரட்டும். மறுநாள் கிடக்கும் உறையை வெறுங்கையால் தொடாமல் படமெடுங்கள், உற்பத்தியாளர் பெயர் தெரியும்படி. வெடிக்காதது கிடந்தால் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் புத்தகத்தில் எழுதுவித்து இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாடு நடக்காத முறைப்பாடு. ஒரே வளவிலிருந்து மீண்டும் மீண்டும் வந்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை நிறுத்த நீதவானிடம் அறிக்கை செய்யும்படி பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பல வீட்டார் சேர்ந்து கையொப்பமிட்டால் அது அயலவர் சண்டை என்று தள்ளப்படாது. கடையைப் பற்றியது என்றால் கடிதம் மூன்று பிரதிகள்: மாவட்டச் செயலாளருக்கு ஒன்று, சபைச் செயலாளருக்கு ஒன்று, பொலிஸுக்கு ஒன்று, மூன்றும் பதிவுத் தபாலில். கடைக்கு அடுத்த அனுமதி வழங்குவதற்கு முன் கோவையில் இருக்க வேண்டிய கடிதம் அது. ஆகவே தீபாவளிக்கான கடிதம் ஆவணியிலும், சித்திரைக்கான கடிதம் மாசியிலும் போய்ச் சேர வேண்டும்.